கோகொம்: ஒற்றைப் பாமும் எழுத்தைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

42735. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இதைச் சுற்றித்தான் வரப்போகிறோம். ஒருங்குறியில், அதாவது உலகின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில், இது ‘கோகொம்’ என்ற எழுத்தின் குறியெண். ஆப்பிரிக்காவில், கேமரூன் நாட்டின் மேற்குப் பகுதியில் பேசப்படும் பாமும் மொழியின் எழுத்து அது.

ஏன் இந்த எழுத்து? குறியாக்கம் பழகுகிறவருக்கு வரக்கூடிய சிக்கல்களில் பாதி இந்த ஒரே எழுத்தில் கிடைக்கிறது. இது எழுத்தும்தான், எண்ணும்தான். ஒரு காலத்தில் 10 என்று பொருள், பிறகு 0 ஆகிவிட்டது. இதைப் பிசகாமல் கணினியில் ஏற்றத் தெரிந்துவிட்டால் வேறு எந்த எழுத்துமுறையைக் கொடுத்தாலும் தடுமாற மாட்டீர்கள்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். குறியெண்களை இங்கே பெரும்பாலும் பதின்ம எண்களாகவே தருகிறேன். ஒருங்குறி அட்டவணைகளில் அவை பதினாறின் அடிமானத்தில் இருக்கும். ஏ என்றால் 10, பி என்றால் 11 என்று போய் எஃப் என்றால் 15. கோகொமுக்கு அங்கே ‘ஏ, 6, ஈ, எஃப்’ என்று நான்கு இடங்கள். அதாவது 10×4096 + 6×256 + 14×16 + 15. கூட்டிப் பாருங்கள், 42735 வரும்.

முதலில் எழுத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

குறியெண்ணைத் தேட ஓடுவதற்கு முன், கையில் இருப்பது எந்தக் காலத்து எழுத்து என்று தெரிய வேண்டும். பாமும் விஷயத்தில் இதைத் தாண்டிப் போகவே முடியாது. ஃபூம்பான் நகரைத் தலைநகராகக் கொண்ட பாமும் அரசின் மன்னர் இப்ராஹிம் இஞ்ஜோயா 1896 வாக்கில் இந்த எழுத்தை உருவாக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் சொல்லுக்கு ஒரு குறி என்ற கணக்கில் பல நூறு படக்குறிகள் இருந்தன. அத்தனையையும் மனப்பாடம் செய்வது யாருக்கு முடியும்? அவரும் அவருடைய ஆட்களும் திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். குறிகள் குறைந்தன, வடிவங்கள் எளிமையாயின, சொல்லைக் காட்டிய குறி அசையைக் காட்டத் தொடங்கியது. 1910 வாக்கில் 80 எழுத்துகளில் வந்து நின்றது. அதற்கு ‘அ-க-உ-கு’ என்று பெயர். முதல் நான்கு எழுத்துகளையே சேர்த்துச் சொல்வது. பதினைந்து ஆண்டுகளுக்குள் படத்திலிருந்து அசைக்கு வந்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

பிரெஞ்சு ஆட்சி வந்த பின் இந்த எழுத்தைக் கற்பித்த பள்ளிகள் மூடப்பட்டன. 1931இல் மன்னர் யாவுண்டேவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1933இல் அங்கேயே இறந்தார். எழுதுவோர் அருகிப் போனார்கள். ஆனால் ஃபூம்பானில் ஆயிரக்கணக்கான கையெழுத்து ஆவணங்கள் தங்கிவிட்டன. இன்று யாராவது இந்த எழுத்தைக் கணினியில் ஏற்றுகிறார் என்றால் பெரும்பாலும் அந்தத் தாள்களுக்காகத்தான், அல்லது எழுத்தை மறுபடி கற்பிப்பதற்காக.

இந்த வரலாறு ஒருங்குறியில் அப்படியே இரண்டு பெட்டிகளாக உட்கார்ந்திருக்கிறது. 2009 அக்டோபரில் வந்த 5.2 பதிப்பில் ‘பாமும்’ என்ற தொகுதி சேர்ந்தது: 88 குறிகள், அதில் அ-க-உ-கு எழுத்துகள் 80, மீதி துணைக்குறிகளும் நிறுத்தற்குறிகளும். அடுத்த ஆண்டு 6.0 பதிப்பில் ‘பாமும் இணைப்பு’ வந்தது: 569 குறிகள், எல்லாம் வழக்கொழிந்த பழைய கட்டங்களைச் சேர்ந்தவை. ஆக மொத்தம் 657. உங்கள் எழுத்து எந்தப் பெட்டி என்பதுதான் முதல் கேள்வி. கோகொம் முதல் பெட்டியில், 80 எழுத்துகளில் கடைசியாக நிற்கிறது.

பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

இனிக் குறியெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருங்குறி கூட்டமைப்பின் தளத்தில் தொகுதிவாரியான அட்டவணைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பாமும் அட்டவணையைத் திறந்தால் ஒரு பக்கம் வடிவங்கள், மறுபக்கம் பெயர்கள். எழுத்துகள் 42656 இல் தொடங்கி 42735 இல் முடிகின்றன. முதல் 70 வெறும் எழுத்துகள். கடைசிப் பத்து எண்ணாகவும் வருபவை: மோ 1, ம்பா 2, தெத் 3, க்பா 4, தென் 5, ந்தூ 6, சம்பா 7, ஃபாமெ 8, கோவூ 9, கடைசியில் கோகொம்.

இதில் ஐந்தாவதைக் கவனியுங்கள். ஒருங்குறியில் எழுத்துப் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். ‘தென்’ என்பதை அங்கே எழுதினால் ஆங்கிலத்தில் பத்து என்ற சொல்லாகவே தெரியும். பத்தைத் தேடிப் போகிறவர் ‘பாமும் லெட்டர் டென்’ என்று பார்த்ததும் கிடைத்துவிட்டது என்று 42730ஐ எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் அது 5. பெயரை மட்டும் வைத்து எடுத்தால் இப்படித்தான். வடிவம், பெயர், எண்மதிப்பு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பெயர் குழப்புகிறதே, மாற்றக் கூடாதா என்றால், கூடாது. ஒருங்குறியில் ஒருமுறை வைத்த பெயரையும் கொடுத்த எண்ணையும் மாற்றுவதில்லை என்பது அவர்கள் கொள்கை.

எழுத்தின் குணங்களைப் படியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் தவறாமல் விட்டுவிடுகிற படி இது. ஒருங்குறி ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுப்பதோடு நிற்பதில்லை. இது எந்த வகை, எண்மதிப்பு உண்டா, எந்தத் திசையில் எழுதுவது, முந்தைய எழுத்தின் மேல் ஒட்டுமா என்று ஒரு குறிப்பேடே வைத்திருக்கிறது. நிரல்கள் வடிவத்தைப் பார்ப்பதில்லை. இந்தக் குறிப்பேட்டைத்தான் பார்க்கின்றன.

கோகொமின் குறிப்பேட்டில் வகை ‘எண்ணெழுத்து’ என்று இருக்கிறது. எண்மதிப்பு 0. திசை இடமிருந்து வலம். இதை வைத்துப் பைத்தான் என்ற நிரல்மொழியில் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். நீ எழுத்தா? இல்லை. நீ இலக்கமா? இல்லை. உனக்கு எண்மதிப்பு உண்டா? உண்டு. பெயரில் ‘லெட்டர்’ என்று இருந்தும் எழுத்து என்று ஒத்துக்கொள்ளாது!

நான் இதில் மாட்டியிருக்கிறேன். 80 எழுத்துகளையும் ஒரு கோப்பில் போட்டு, கூடவே வந்த இடைவெளி, எண், குப்பையை எல்லாம் நீக்க ‘எழுத்துகளை மட்டும் வைத்துக்கொள்’ என்று ஒரு வரி எழுதினேன். வெளியே வந்தது 70. அரைமணி நேரம் எழுத்துருவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, போனவை அந்தக் கடைசிப் பத்து. சொற்களுக்குள்ளும் அசையாக வருகிற எழுத்துகள் அவை. நீளமான உரையில் இதைச் செய்திருந்தால் சொற்களின் நடுவே ஓட்டை விழுந்திருக்கும், வெளியே தெரிந்தும் இருக்காது. வடிகட்டும்போது ‘எழுத்து அல்லது எண்ணெழுத்து’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் வகையை விட்டுவிட்டு, ‘பாமும் எழுத்துமுறையைச் சேர்ந்தவை’ என்று கேளுங்கள். அது இன்னும் பாதுகாப்பு.

தமிழோடு ஒப்பிட்டால் விஷயம் சட்டென்று பிடிபடும். க என்ற எழுத்தும் ௧ என்ற எண்ணும் கண்ணுக்கு ஒன்றேதான். ஒருங்குறியில் இரண்டுக்கும் தனித்தனி எண்: க 2965, ௧ 3047. அதனால் ௧ முழு இலக்கமாகவே நடந்துகொள்ளும். பைத்தானிடம் எண்ணாக மாற்றச் சொன்னால் 1 என்று கொடுக்கும். ௰ அப்படியில்லை. அதன் மதிப்பு 10 என்று குறிப்பேட்டில் இருந்தாலும் இடமதிப்பு இலக்கம் இல்லை என்பதால் மாற்ற மறுக்கும். பாமுமில் எழுத்துக்கும் எண்ணுக்கும் சேர்த்து ஒரே குறியெண்தான். ஆகவே கோகொமும் ௰ பக்கம்தான் நிற்கிறது. விரிதாளில் போட்டுக் கூட்டல் போட்டால் வெறும் உரையாகத்தான் எடுத்துக்கொள்ளும். கணக்கு வேண்டுமென்றால் மோ முதல் கோகொம் வரை மாற்றுப் பட்டியல் ஒன்றை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுத்துருவும் தட்டச்சும்

இதில் பெரிய வேலை இல்லை. ‘நோட்டோ சான்ஸ் பாமும்’ என்ற எழுத்துரு இலவசம். இரண்டு தொகுதிகளும் அதில் உண்டு. இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவாவிட்டால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுப் பெட்டி தெரியும். பெட்டி தெரிந்தால் பயப்பட வேண்டாம்: எழுத்து பத்திரமாக உள்ளே இருக்கிறது, வரைந்து காட்டத்தான் ஆள் இல்லை. கேள்விக்குறி தெரிந்தால்தான் பயப்பட வேண்டும். பெரும்பாலும் எழுத்தே போய்விட்டது என்று பொருள்.

தட்டச்சு செய்ய வேர்டில் பதினாறடிமான எண்ணை அடித்துவிட்டு, ஆல்ட் விசையோடு எக்ஸ் அழுத்தினால் எழுத்தாக மாறும். லிப்ரே ஆஃபிஸிலும் இதே வழி. லினக்ஸில் பல இடங்களில் கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டு எண்ணை அடித்து என்டர் தட்டலாம். வலைப்பக்கத்தில் இதையெல்லாம் விட எளிது, ꛯ என்று எழுதினால் போதும். எண் பதின்மத்தில், முடிவில் அரைப்புள்ளியை மறந்துவிடாதீர்கள். பைத்தானில் ‘சிஎச்ஆர்’ என்ற செயற்கூறுக்குள் 42735ஐக் கொடுத்தால் எழுத்து வெளியே வரும். திருப்பிக் கேட்க ‘ஓஆர்டி’.

நாலு எழுத்துக்கு இந்த வழிகள் சரி. பக்கம் பக்கமாக அடிக்க வேண்டியிருந்தால் இப்படி எண் அடித்துக்கொண்டிருப்பது வதை. விசைப்பலகை அமைப்பு ஒன்றைத் தேடி நிறுவுங்கள், அல்லது இலத்தீன் எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்துவிட்டு ஒரு சிறு நிரலால் மாற்றுங்கள்.

துணைக்குறிகள் இரண்டு உண்டு, இரண்டும் எழுத்தை அடித்த பிறகு வர வேண்டியவை. 42736, கொக்ண்டொன்: 80 எழுத்தில் எதன் மேலும் வரலாம், வழக்கமாக அசையின் கடைசி உயிரைத் தொண்டையில் வெட்டி நிறுத்தச் சொல்லும். 42737, துக்வெண்டிஸ்: 13 எழுத்துகளோடு மட்டுமே வருவதாக அறியப்படுகிறது, முழு அசையைச் சுருக்கி அதன் கடைசி மெய்யை மட்டும் நிறுத்தும். நம் புள்ளியின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். குறி போட்ட எழுத்துக்குத் தனிக் குறியெண் கிடையாது. எழுத்து ஒன்று, குறி ஒன்று என்று கணினி இரண்டாக எண்ணும். ‘க்’ நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு இரண்டு என்பதைப் போலத்தான்.

சேமிப்பது: கையாலேயே ஒருமுறை கணக்குப் போடுங்கள்

கோப்பைச் சேமிக்கும்போது குறியெண் அப்படியே வட்டில் போய் உட்காருவதில்லை. 0 முதல் 255 வரையான பைட்டுகளாக உடைகிறது. யூடிஎஃப்-8 என்ற முறையில் இது எப்படி நடக்கிறது என்று ஒரே ஒருமுறை பேனா பிடித்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பிறகு கலங்கிப்போன உரையைப் பார்த்தாலும் பதற்றம் வராது.

42735ஐ 4096ஆல் வகுங்கள். ஈவு 10, மீதி 1775. ஈவோடு 224 கூட்டினால் 234. இது முதல் பைட்டு. மீதியான 1775ஐ 64ஆல் வகுங்கள். ஈவு 27, மீதி 47. இரண்டோடும் தனித்தனியே 128 கூட்டினால் 155, 175. ஆக கோகொம் வட்டில் கிடப்பது 234, 155, 175 என்ற மூன்று பைட்டுகளாக. முதல் எழுத்தான ‘அ’வை, அதாவது 42656ஐ, இதேபோல் நீங்களே போட்டுப் பாருங்கள். 234, 154, 160 வந்தால் சரி.

மேலைநாட்டுப் பழைய குறியாக்கத்தில் யாராவது இந்தக் கோப்பைத் திறந்தால் மூன்று பைட்டும் மூன்று தனி எழுத்தாகத் தெரியும். முதலில் வருவது தலையில் கூரை வைத்த ஆங்கிலச் சின்ன ஈ. தமிழ்க் கோப்பு இப்படிக் கலங்கும்போது தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ வரிசையாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். தமிழ் எழுத்து எல்லாமே 224இல் தொடங்குவதால் அப்படி. பாமும் முதல் தொகுதி முழுக்க 234இல் தொடங்குகிறது. அந்தக் கூரை வைத்த ஈ மூன்று எழுத்துக்கு ஒருமுறை தலைகாட்டினால், உள்ளே இந்த வட்டாரத்து எழுத்து இருக்கிறது, திறந்த விதம்தான் தவறு என்று ஊகிக்கலாம். அந்த நிலையில் மறுபடி சேமிக்காதீர்கள். மூடிவிட்டு, யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறங்கள்.

மொழியையும் எழுத்துமுறையையும் கோப்பில் குறித்து வைப்பதும் நல்ல பழக்கம். பாமும் மொழிக்கான மூன்றெழுத்துக் குறியீடு ‘பி, ஏ, எக்ஸ்’. எழுத்துமுறைக்குச் சர்வதேசத் தரப்பட்டியலில் எண் 435.

பழைய கட்டத்து எழுத்து வந்தால்

கோகொமோடு வேலை முடிந்தால் இந்தப் பகுதி வேண்டாம். பழைய ஆவணம் கையில் இருந்தால் இதைப் படித்தே ஆக வேண்டும்.

இணைப்புத் தொகுதி 92160 முதல் 92728 வரை. ஒவ்வொரு பெயரிலும் ஏ முதல் எஃப் வரை ஒரு கட்டத்தின் அடையாளம் ஒட்டியிருக்கும். முதல் எழுத்தின் பெயரின் கடைசியில் ‘ம்ஃபோன்’ என்று வருகிறது. பாமும் மொழியில் மன்னரை அப்படித்தான் அழைப்பார்கள். வரிசையில் முதல் இடத்தில் மன்னர் வந்து நிற்பது பொருத்தம்தான்.

சிக்கல் எங்கே என்றால் 65535 என்ற எல்லையில். அதற்குள் அடங்குகிற எழுத்துக்கு யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டு போதும்; அதைத் தாண்டினால் நான்கு வேண்டும். 92160க்கு வருபவை 240, 150, 160, 128. பழைய தரவுத்தளங்கள் சில மூன்று பைட்டுக்கு மேல் வாங்காது. மைசீக்வலில் ‘யூடிஎஃப்8’ என்று மட்டும் நெடுங்காலம் வழங்கிய அமைப்பு அப்படிப்பட்டது. அதற்குப் பதில் ‘யூடிஎஃப்8எம்பி4’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு வேடிக்கை. அது இந்த எழுத்தை 55322, 56320 என்று இரண்டு துண்டாக வைத்துக்கொண்டு, நீளம் கேட்டால் 2 என்று சொல்லும். நடுவில் வெட்டினால் இரண்டு துண்டும் செல்லாக்காசு. தமிழ்ப் பின்னக் குறிகளும் 2019இல் இந்த எல்லைக்கு அப்பால்தான் இடம்பிடித்தன என்பதால், இந்தத் தலைவலி நமக்கும் சொந்தம்.

சோதனைக்கு ஒரு வழி: வரியில் மூன்று எழுத்து போடுங்கள். தமிழ் க, கோகொம், அப்புறம் 92160. சேமித்து, தரவுத்தளத்தில் ஏற்றி, திரும்ப இறக்கி, குறியெண்களைக் கேளுங்கள். 2965, 42735, 92160 மூன்றும் அப்படியே திரும்பினால் உங்கள் வழி சுத்தம். மூன்றாவது மட்டும் காணாமல் போனால் எங்கே பார்க்க வேண்டும் என்று இப்போது தெரியும்.

10 என்று எழுதவா, 0 என்று எழுதவா?

கடைசியாக, கணினி தீர்த்துவைக்காத ஒன்று. கோகொம் முதலில் 10ஐக் குறித்தது. இடமதிப்பு வைத்து எழுதும் பதின்மக் கணக்கு வந்தபோது அதற்கு 0 என்ற வேலையைக் கொடுத்தார்கள். ஒருங்குறிக் குறிப்பேடு இந்தப் பிந்தைய பொருளைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே பழைய தாள் ஒன்றில் கணக்கு வரியைப் பார்த்து ஏற்றும்போது நிரலை நம்பி எண்ணாக மாற்றினீர்கள் என்றால், எழுதியவர் பத்து என்று வைத்த இடத்தில் சுழியம் வந்து நிற்கும். பத்து ஆடு வாங்கியவர் ஒன்றும் வாங்காதவர் ஆகிவிடுவார்.

நான் பரிந்துரைப்பது இதுதான். ஏற்றும் உரையில் எப்போதும் 42735ஐயே வையுங்கள். 10 என்றோ 0 என்றோ மாற்றாதீர்கள். பக்கத்திலேயே தனி நெடுவரிசை ஒன்று போட்டு, அந்த வரியில் அது எந்த மதிப்பில் வருகிறது என்று உங்கள் வாசிப்பை எழுதுங்கள். பக்கத்தில் வேறு எண்கள் இருந்தால் இடமதிப்பில் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து முடிவு செய்யலாம்: மோவுக்கு அடுத்து கோகொம் நின்று அது 10 என்றால், அங்கே கோகொம் 0. தனியாக நின்று பத்து என்றால் பழைய முறை. எதுவும் பிடிபடாவிட்டால் நெடுவரிசையைக் காலியாக விட்டு, தாளின் படத்துக்கு இணைப்பு மட்டும் கொடுங்கள்.